அப்பாவோட மாத நாவலும் என் பந்தாவும்

"உனக்குப் பிடிச்ச புத்தகம் எது?" என்று யாராவது கேட்டால், போன வருஷம் வரைக்கும் நான் ஒரு தடவைகூட உண்மையைச் சொன்னதில்லை. முதலில் கேட்கிற ஆளைப் பார்ப்பேன். தமிழ் ஐயா என்றால் திருக்குறள். சீனியர் அண்ணன் என்றால் தலையணை சைஸில் ஏதாவது ஒரு ரஷ்ய நாவல். அத்தை பெண் என்றால் பொன்னியின் செல்வன் (அப்போது அதில் நூறு பக்கம்கூடத் தாண்டவில்லை, படம்தான் பார்த்திருந்தேன்). பார்க்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி கணக்கை அலங்காரம் செய்து காட்டுவதற்கு எங்கள் பாடத்தில் 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர். பி.காம் படிக்கிறவன் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா :-)

உண்மையான பதில் எங்கள் வீட்டுப் பரணில் மூன்று அட்டைப்பெட்டிகளில் இருந்தது. எல்லாம் அப்பாவுடையது. எல்லாம் மாத நாவல்.

அப்பா ஈரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். பாதி நாள் நைட் டூட்டி. லோடு ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்ப ராத்திரி ரெண்டு மணி ஆகும், மூணு மணி ஆகும். அதுவரைக்கும் தூங்கக்கூடாது. தகர மேஜை, ஒரு டியூப் லைட், பேரேடு, பேரேட்டுக்கு அடியில் ஒரு நாவல். இதுதான் அப்பாவின் ராத்திரி. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிறு கட்டி, அதில் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் புத்தகங்கள். படித்து முடித்ததும் சட்டைப் பையில் மடித்துச் செருகி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். நான் ஆறாம் வகுப்பிலேயே அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அம்மா திட்டுவாள். அப்பா கண்டுகொள்ள மாட்டார்.

எனக்கு அந்த ஜோடிகள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி. ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி. சுஜாதாவின் கணேஷ், வசந்த். இதில் வசந்த் மாதிரி பேச ஆசைப்பட்டு பத்தாம் வகுப்பில் அடி வாங்கியது தனிக்கதை. ராஜேஷ்குமார் எங்களுக்குப் பக்கத்து ஊர், கோயம்புத்தூர்க்காரர். 1500க்கும் மேலே நாவல் எழுதியிருக்கிறார். ராத்திரிக்கு ஒன்று என்று விடாமல் படித்தாலும் முடிக்க நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அப்பாவும் நானும் அந்தக் கணக்கை ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பார்த்துச் சிரித்தோம்.

அப்புறம் நான் காலேஜுக்குப் போனேன். கெட்டுப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் வருஷத்தில் ஒரு நல்ல கூட்டத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கேன்டீன் பின்னால் உட்கார்ந்து புத்தகம் பேசுவார்கள். நல்ல பசங்க, நிறையப் படித்தவர்கள், இன்னைக்கும் எனக்கு நண்பர்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. யாரும் என்னிடம் மாத நாவலை மட்டம் என்று சொல்லவில்லை. அவர்கள் சொல்வதற்கு முன்னாடியே நானாக முடிவு செய்துகொண்டேன். அந்தப் பெயர்களை அங்கே உச்சரிக்கவே கூச்சமாக இருந்தது. வேகவேகமாக நாலு பெரிய பெயர்களை மனப்பாடம் செய்தேன். படிக்காமலே அபிப்பிராயம் சொல்லக் கற்றுக்கொண்டேன். அது ரொம்ப சுலபம். "மொழிபெயர்ப்பு கொஞ்சம் வறட்சி" என்றால் போதும், எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்து நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அப்பா டூட்டி முடிந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கண்ணு, இதப் படிச்சுப் பாரு. கடைசி வரைக்கும் ஆளு யாருன்னே புடிக்க முடியல."

நான் நண்பன் முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "இதெல்லாம் ஒரு புத்தகமாங்கப்பா? பொட்டலம் மடிக்கற பேப்பரு."

அப்பா சிரித்தார். புத்தகத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, "தம்பிக்கு டீ வெச்சுக் குடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, கோபம் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்குள் மாத நாவல் வரவில்லை. அதை நான் கவனிக்கவே நாலு மாசம் ஆயிற்று.

*

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பந்தாவுக்காக அப்பாவின் புத்தகத்தை விட்டேனே, வேறு எதையாவது உருப்படியாகப் படித்தேனா என்றால் அதுவும் இல்லை. ஒரு தடியான மொழிபெயர்ப்பு நாவலை மூன்று மாசம் பையில் சுமந்தேன். 46ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தேன். மூணு மாசம் கழித்தும் டிக்கெட் அதே 46இல்தான் இருந்தது. புத்தகத்தின் மேல் குற்றம் இல்லை, பிடித்தவர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, அது என் கையில் இருப்பதை நாலு பேர் பார்ப்பதுதான் வேண்டியிருந்தது.

ரெண்டாம் வருஷம் கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் அரியர் விழுந்தது. வீட்டில் உட்கார்ந்தால் செல்போனை நோண்டிக்கொண்டே இருக்கிறேன் என்று நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். கணக்குப் போடத்தான் போனேன், சத்தியமாக. பத்தாவது நிமிஷத்தில் தூக்கம் வரும். தூக்கத்தைப் போக்க எழுந்து நடப்பேன். அப்படி நடக்கும்போதுதான் அந்த மேஜையைக் கண்டுபிடித்தேன்.

திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்குவதற்கு முன்னால் ஒரு மேஜையில் குவித்து வைப்பார்கள். அலமாரியில் எல்லாம் வகை வகையாகப் பிரிந்து இருக்கும். இங்கே அப்படி இல்லை. சமையல் குறிப்பு மேலே சரித்திரம், அதன் மேலே கவிதை, பக்கத்தில் ஆடு வளர்ப்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. யாரோ ஒருத்தர் இதை ஆசைப்பட்டு வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அலமாரியில் பத்து வருஷம் தூசி தின்ற புத்தகம் இந்த மேஜைக்கு வராது. நீங்கள் எந்த நூலகத்துக்குப் போனாலும் முதலில் அந்த மேஜையைப் பாருங்கள். இலவச ஆலோசனை. (முழுக்க இலவசம் என்றும் சொல்ல முடியாது. நம்ம ஊரில் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். காசு கொடுத்தாகிவிட்டது, போய்ப் படிக்காவிட்டால் நஷ்டம் நமக்கு.)

நூலகம் என்றதும் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனைச் சொல்லாமல் விட முடியாது. கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் நூலகத்துக்கு என்று ஐந்து விதிகள் எழுதினார். அதில் ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய புத்தகம் என்பது. மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு உரிய வாசகர் என்பது. கவனியுங்கள், எந்தப் புத்தகம் உசத்தி, எந்த வாசகன் மட்டம் என்று ஐந்து விதியில் ஒன்றில்கூட இல்லை. இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்த மேஜையில் முதலில் கிடைத்தது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு', குளச்சல் மு.யூசுஃப் தமிழில் மொழிபெயர்த்தது. மலையாளத்தில் 1959இல் வந்த புத்தகம். மெலிதாக இருந்ததால் எடுத்தேன், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. பெரிய எழுத்தாளர் ஒருவர் ஓய்வெடுக்கலாம் என்று சொந்த வீட்டுக்கு வருகிறார். வீடு முழுக்கத் தம்பிகள், தங்கைகள், குழந்தைகள், கோழிகள். போதாததற்குத் தங்கையின் ஆடு. அந்த ஆடு அவர் எழுதிய புத்தகங்களையே தின்கிறது. தின்று முடித்துவிட்டு அடுத்ததாகப் போர்வைக்கு வருகிறது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் அந்தத் தாத்தாவே, "அது என்ன புத்தகம்ப்பா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எவ்வளவு நாளாச்சு இப்படிப் படித்து என்று அன்று ராத்திரி நினைத்துப் பார்த்தேன். கடைசியாகப் பரணில் உட்கார்ந்து படித்ததுதான்.

அப்புறம் கை நின்றால்தானே? தொ.பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' கிடைத்தது, 1997இல் வந்தது. பண்பாட்டு ஆய்வு என்று அட்டையில் பார்த்ததும் இது எம்.ஏ காரர்கள் சமாச்சாரம் என்று வைக்கப் போனேன். உள்ளே பார்த்தால் உப்பு, எண்ணெய், உரல், தாலி, கறுப்பு நிறம் என்று நம்ம வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசுகிறார். 'சம்பளம்' என்ற சொல்லை அவர் பிரித்துக் காட்டுகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்த காலத்தின் மிச்சம் அது என்கிறார். மூணு வருஷமாக 'சேலரீஸ் அக்கவுண்ட் டெபிட்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் ஒரு கைப்பிடி உப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

மா.கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' படித்தபிறகு எங்கள் தெருவில் இருப்பது ரெண்டு வகை மைனா என்று தெரிந்தது. இருபது வருஷமாக ஒரே மைனா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்தேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியதே இந்த மாயாவியோடுதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். லாஜிக் கேட்காதீர்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்கிற இயந்திர நாய் மேல் காதலே வந்துவிட்டது. பொன்னியின் செல்வனையும் இந்தத் தடவை ஐந்து பாகமும் முடித்தேன். கல்கி அதை 1950இலிருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினார் என்பது படிக்கும்போதே தெரிகிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் நம்மை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். எங்கே பார்த்தேன் என்று எனக்கே தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை.

எல்லாமே பிடித்தது என்று கதை விடமாட்டேன். தன்னம்பிக்கைப் புத்தகங்கள் மூன்று எடுத்தேன், மூன்றிலும் ஒரே அறிவுரை. புதுக்கவிதை இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. என் பக்கம்தான் கோளாறு என்று நினைக்கிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதாக உத்தேசம். முப்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுகிறேன். இதற்கு முன்னால் மூடி வைப்பது தோல்வி மாதிரி இருந்தது. இப்போது இல்லை. சாப்பாட்டுக் கடையில் பிடிக்காததை ஒதுக்கி வைப்பதில்லையா?

*

என்னை உண்மையிலேயே உலுக்கியது பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்த நாவல். 'அசுரன்' படம் (2019) இதிலிருந்து எடுத்தது என்று தெரியும், அதனால்தான் எடுத்தேன். முதல் பக்கத்திலேயே கொலை. 15 வயசுப் பையன் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுகிறான். யார் செய்தது, ஏன் செய்தது என்ற ரகசியம் எதுவும் இல்லை. பிறகு மிச்சப் புத்தகம் முழுக்க என்ன? பையனும் அவனுடைய அய்யாவும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைத் தின்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். அந்த அய்யா ஒரு தடவையாவது, ஏண்டா இப்படிச் செய்தாய் என்று மகனை ஏளனமாகப் பேசுவார் என்று காத்துக்கொண்டே படித்தேன். பேசவே இல்லை. அவன் கூடவே நடக்கிறார்.

அதை முடித்த அன்று ரெண்டு விஷயம் தோன்றியது. ஒன்று, இது ஒரு க்ரைம் நாவல். கேன்டீன் பின்னால் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிற இலக்கியம், அதே சமயம் கொலை, தலைமறைவு, போலீஸ் எல்லாம் இருக்கிற கதை. இதில் நடப்பது கொலைக்குப் பின்னால். அப்பாவின் புத்தகங்களில் நடப்பது கொலையைக் கண்டுபிடிக்கிற வரைக்கும். ரெண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எழுத்தின் ஆழம் வேறு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ராஜேஷ்குமார் ரெண்டு கதையை ஒன்று விட்டு ஒன்றாக ஓட்டுவார். கோவையில் ஒன்று, எங்கேயோ ஒரு ஊரில் இன்னொன்று. கடைசியில்தான் ரெண்டும் முட்டும். அது எதற்கு? ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு வண்டிக்காகக் காத்திருக்கிற ஒரு மனுஷன் தூங்காமல் இருப்பதற்கு. அந்த வேலையை அது இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு ஒழுங்காகச் செய்திருக்கிறது. என் காலேஜ் பீஸ் அந்தத் தூங்காத ராத்திரிகளில் வந்தது.

ரெண்டாவதாகத் தோன்றியது, அப்பா எங்கே படிக்கிறார் இப்போது?

அந்த வாரமே இன்னொரு புத்தகமும் வந்து மாட்டியது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தாத்தா காலத்துச் சரித்திரம், சாமி மாதிரி கும்பிட வேண்டிய புத்தகம் என்று நினைத்துத் திறந்தால், மாட்டு வண்டிப் பயணம், சாப்பாட்டுக் கஷ்டம், வாத்தியாரின் கோபதாபம் என்று அப்படியே ஓடுகிறது. 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942இல் அவர் காலமானதோடு பாதியில் நிற்கிறது.

அதில் 1880இல் நடந்த ஒரு காட்சி. கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியர். ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்கள் என்று அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், பட்டியலுக்குக் குறைச்சலா? முதலியார் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. அப்படி ஒரு வகை இருப்பதே அவருடைய படிப்பில் இல்லை.

அந்தக் கேள்வி எங்கே கொண்டு போய்விட்டது என்று நமக்குத் தெரியும். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. புதிதாக இத்தனை பெரிய பொக்கிஷம் கையில் கிடைத்த பிறகு, அந்த மனுஷன் பழைய அந்தாதியையும் கலம்பகத்தையும் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க அவரைக் கொண்டாடினார். தன் சரித்திரத்தை எழுதுவதற்கு முன்னாடியே, 1933, 34இல் வாத்தியாரின் சரித்திரத்தை ரெண்டு பாகமாக எழுதி முடித்துவிட்டார்.

நான் நாலு பெயரைத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கே அப்பாவின் புத்தகத்தைப் பொட்டலப் பேப்பர் என்றேன்.

*

மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. "தப்புங்கப்பா" என்று போய் நின்றால் அவருக்குத்தான் கூச்சமாகப் போய்விடும். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மாசம் ஓடியது.

வழி காட்டியது அரியர் பேப்பர்தான். மார்க்-டு-மார்க்கெட் என்கிற கணக்கு முறை எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. சீனியர் ஒருவர், "பாடப் புத்தகத்த மூடிட்டு இதப் படி" என்று ஒரு ஆங்கிலப் புத்தகம் கொடுத்தார். 'தி ஸ்மார்டெஸ்ட் கைஸ் இன் த ரூம்'. பெத்தனி மெக்லீன், பீட்டர் எல்கைண்ட் ரெண்டு பேரும் எழுதி 2003இல் வந்தது. அமெரிக்காவில் என்ரான் கம்பெனி எப்படி மூழ்கியது என்ற கதை. வணிகப் புத்தகம் என்றாலே கொட்டாவிதான் என்று நினைத்திருந்த எனக்கு, மூணு ராத்திரி தூக்கம் போயிற்று. இதிலும் ஒரு க்ரைம் இருக்கிறது. பிணம் மட்டும்தான் இல்லை.

ஒரு நாள் அப்பா லீவு. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பா, ஒரு கம்பெனி பல வருசம் டுபாக்கூர் கணக்கு எழுதி உலகத்தையே ஏமாத்திருக்காங்க, கேக்கறீங்களா?" என்றேன்.

"சொல்லு."

என்ரான் இருபது வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம் போட்டால், அதில் வரப்போகிற லாபத்தை உத்தேசமாக மதிப்புப் போட்டு, இன்றைக்கே லாபமாக எழுதிக்கொள்வார்கள் என்று சொன்னேன். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அதெப்புடி கண்ணு? லோடே ஏறல, வண்டியே கெளம்பல, இருவது வருச வாடகைய இன்னிக்கே வரவு வெச்சுக்கறதா?"

அரியர் விழுந்த எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் புரியாதது அப்பாவுக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது.

"2000இல பிளாக்பஸ்டர்னு ஒரு வீடியோ கடைக் கம்பெனியோட இருவது வருச ஒப்பந்தம் போட்டாங்க. 11 கோடி டாலருக்கு மேல லாபம்னு எழுதிட்டாங்க. அடுத்த வருசம் மார்ச்லயே ஒப்பந்தம் முறிஞ்சு போச்சு."

"எழுதுன லாபம்?"

"அது நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மாத நாவல் படித்து வளர்ந்தவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதா என்ன.

ஆறு நாள் சொன்னேன். கடனை மறைக்க நிதி அதிகாரி ஃபாஸ்டோ வரிசையாகத் தனிக் கம்பெனிகள் உண்டாக்கியது ஒரு நாள். 2001 மார்ச்சில் மெக்லீன் ஒரு பத்திரிகையில், இந்தக் கம்பெனி எப்படித்தான் பணம் சம்பாதிக்கிறது என்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டது ஒரு நாள். "யாராச்சும் ஒருத்தர் உள்ளிருந்தே எந்திரிச்சுக் கேக்கலையா?" என்று அப்பா மூன்றாம் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அதை ஐந்தாம் நாள் வரைக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஷெரன் வாட்கின்ஸ் என்ற அந்தம்மா 2001 ஆகஸ்டில் சேர்மனுக்கே கடிதம் எழுதினார் என்றதும், "சபாஷ்" என்று தொடையில் தட்டினார். கடைசி நாள், தணிக்கைக் கம்பெனி காகிதங்களைக் கிழித்துப் போட்ட கதை, 2001 டிசம்பர் 2ஆம் தேதி திவால் நோட்டீஸ். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு அந்தக் கம்பெனிப் பங்கிலேயே இருந்ததால் அதுவும் போயிற்று என்பதை மட்டும் ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

பிறகு சொன்னார். "நல்லா இருக்குது. ஆனா ஆளு யாருன்னு மொதல்லயே தெரிஞ்சு போச்சு பாரு."

"உங்க புத்தகத்துல அப்புடித் தெரியாதுங்கப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அரியர் பாஸ் ஆகிவிட்டது, 61 மார்க். அது முக்கியமில்லை. பத்து நாள் கழித்து ஒரு காலையில் டிவி மேல் ஒரு மாத நாவல் கிடந்தது. ராத்திரி டூட்டியில் மடங்கிய மடிப்பு அப்படியே இருந்தது. காலேஜ் பஸ்ஸில் படிக்க எடுத்துக்கொண்டு போனேன், அட்டை வெளியே தெரிகிற மாதிரியே பிடித்துக்கொண்டு. பெருந்துறை தாண்டும்போதே கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை வகைப் புத்தகம் படித்தவனாச்சே! சாயங்காலம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பாதி படிச்சுட்டுப் பேசாத" என்றார்.

முழுசும் படித்தேன். நான் சொன்ன ஆள் இல்லை.